ரீசார்ஜ் கட்டை போட்டதும் மங்கிய டார்ச்: மீட்டர் வைத்துப் பார்த்ததில் தெரிந்தவை

கோட்டையூரில் பக்கத்து வீட்டு ஆச்சியின் டார்ச் லைட் இது. மூன்று சின்ன பேட்டரிக் கட்டை போடும் அலுமினிய எல்இடி டார்ச். புது அல்கலைன் கட்டை போட்டால் பளிச்சென்று எரிகிறது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய ரீசார்ஜ் கட்டை போட்டால் எடுத்த எடுப்பிலேயே மங்கல், பத்து நிமிடத்தில் இன்னும் மங்கல். "சார்ஜ் கட்டையெல்லாம் காசுக்குக் கேடு தம்பி" என்று சொல்லித்தான் ஆச்சி கொடுத்தார்.

அவருக்கு இது அவசியமான பொருள். வளவைத் தாண்டிப் பின்கட்டில் இருக்கும் சாமான் அறைகளில் நட்டநடுப் பகலிலும் இருட்டுதான். தேக்கு உத்தரத்தில் கரையான் ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் அண்ணாந்து பார்க்கிறார். மங்கிய வெளிச்சத்தில் கரையான் கட்டிய மண்கோடும் மரத்தின் ரேகையும் ஒன்றுபோலவே தெரியும்.

கேட்டவர்கள் எல்லாம் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் கட்டை 1.2 வோல்ட். உண்மைதான். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற இந்த ரீசார்ஜ் கட்டையின் வோல்டேஜை அதற்குள் இருக்கும் வேதியியல்தான் தீர்மானிக்கிறது. எவ்வளவு நேரம் சார்ஜில் போட்டாலும் அது 1.5-ல் நிற்காது. (பேட்டரிக்குள் நடப்பதை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததில் உருவாகி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்த வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.) ஆனால் அல்கலைன் கட்டையும் 1.5-லேயே நிற்பதில்லை. எரிய எரிய இறங்கிக்கொண்டே போகும். ரீசார்ஜ் கட்டையோ தீரும் வரை 1.2-ஐ ஒட்டியே நிற்கும். அப்படியிருக்க, இந்த அளவு மங்குவதற்கு வோல்டேஜ் வித்தியாசம் மட்டும் போதாது என்று தோன்றியது.

முன்பக்க வளையத்தைத் திருகிக் கழற்றினால் எல்இடி பலகை கைக்கு எட்டுகிறது. அதில் கரண்ட்டை மட்டுப்படுத்த ஒரே ஒரு 2.2 ஓம் ரெசிஸ்டர். கரண்ட் அளக்க வயரை அறுக்கத் தேவையில்லை. ரீசார்ஜ் கட்டை போட்டு எரியும்போது ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே வோல்டேஜைப் பார்த்து 2.2-ஆல் வகுத்தால் போதும். மீட்டர் 0.44 வோல்ட் காட்டியது. அதாவது 200 மில்லி ஆம்பியர்.

ஸ்விட்ச் இருப்பது பின்மூடியில், கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. அடுத்து, அந்த மூடியைக் கழற்றிவிட்டு, கட்டைக் கூட்டின் மைனஸ் முனைக்கும் டார்ச்சின் உடம்பு விளிம்புக்கும் ஒரு தடித்த செம்புக் கம்பியை அழுத்திப் பிடித்தேன். வெளிச்சம் சட்டென்று எழுந்தது. ரெசிஸ்டரில் இப்போது 0.62 வோல்ட், 280 மில்லி ஆம்பியர். அதே கட்டை, அதே எல்இடி. மாறியது பின்மூடி மட்டும்தான். கணக்குப் போட்டால் அந்த மூடியும் ஸ்விட்சும் சேர்ந்து ஒன்றரை ஓம் அளவுக்குத் தடுத்துக்கொண்டிருந்தன.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். புது அல்கலைன் மூன்று சேர்ந்தால் நாலரை வோல்ட். ஒன்றரை வோல்ட் உபரி. வழியில் எது கொஞ்சம் தின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. ரீசார்ஜ் கட்டை மூன்றும் எரியும்போது 3.7 வோல்ட்தான், உபரி முக்கால் வோல்ட்கூட இல்லை. அதில் 0.3 வோல்ட்டை மூடி தின்றுவிட்டால் மங்காமல் என்ன செய்யும்? கோளாறு முன்பிருந்தே டார்ச்சில் இருந்திருக்கிறது. அல்கலைன் அதை மறைத்தது, ரீசார்ஜ் கட்டை காட்டிக்கொடுத்தது.

மூடியைப் பிரித்ததில், ஸ்விட்சைப் பிடித்திருக்கும் உள்வளையம் தளர்ந்திருந்தது. அதில் எதிரெதிரே இரண்டு சின்னப் பள்ளம். கூர்மூக்குக் குறட்டின் இரு முனைகளையும் அதில் வைத்துத் திருகினால் இறுகும். மரையில் கறுப்புப் பிசுக்கு. ஸ்பிரிட் நனைத்த பஞ்சில் துடைக்கத் துடைக்கக் கரியாக வந்தது. உடம்பின் விளிம்பை, மூடியில் தொடும் அந்த ஒரு வட்டத்தை மட்டும், நைசான உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தேன். ஸ்பிரிங் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. எப்போதோ அல்கலைன் கட்டை கசிந்த அடையாளம். அது காரம், அதனால் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு கரைத்துவிடும். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். எல்லாம் பூட்டிப் பார்த்தபோது, மூடி போட்ட நிலையிலேயே ரெசிஸ்டரில் 0.61 வோல்ட்.

பத்து நிமிடத்தில் மங்குவது மட்டும் தீரவில்லை. எரியவிட்டு ஒவ்வொரு கட்டையாக அளந்தேன்: இரண்டு 1.22, ஒன்று 1.04. ஆச்சி வீட்டுச் சார்ஜர் கட்டைகளை ஜோடி ஜோடியாக ஏற்றும் வகை. டார்ச்சுக்கோ மூன்று கட்டை. மூன்றாவது கட்டை, ரிமோட்டிலிருந்து வந்த பாதி தீர்ந்த கட்டையோடு ஜோடி சேர்ந்து ஏறியிருக்கிறது. ஒன்று நிறைந்தால் மற்றது அரைகுறையாக நிற்கும். என்னிடம் இருக்கும், ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்தும் சார்ஜரில் போட்டதும் மூன்றும் ஒன்றுபோல வந்துவிட்டன. இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பேன். நலிந்த கட்டை முதலில் காலியாகும். மற்ற இரண்டும் அதன் பிளஸ் மைனஸ் மாறும்படி அதைத் தலைகீழாக விரட்டும். அப்படி விரட்டப்பட்ட கட்டை சீக்கிரம் வீணாகிவிடும். மங்கத் தொடங்கியதும் அணைத்துவிட்டால் தப்பிக்கும்.

மூன்று கட்டையிலும் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்து, எப்போதும் சேர்ந்தே இருக்கட்டும் என்று ஆச்சியிடம் கொடுத்தேன். "இப்ப உத்தரம் வரைக்கும் தெரியுது" என்றார். இன்னும் வெளிச்சம் வேண்டுமென்றால் ரெசிஸ்டரை 1.5 ஓமாகக் குறைக்கலாம். அதைச் செய்யவில்லை. அவசரத்துக்கு யாராவது புது அல்கலைன் போட்டால், மூடியின் தடையும் இப்போது இல்லாத நிலையில், அரை ஆம்பியருக்கும் மேல் பாயும். அந்தச் சின்ன எல்இடி பலகைக்கு அந்தச் சூடு ஆகாது.