காக்காக்கால் முத்திரை போட்ட மடக்குக்கத்தி: நாலு மாச அனுபவம்

விசைப்படகுகள் தடைக்காலத்துக்குக் கரையேறிய வாரம் அது. ராமநாதபுரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் சைக்கிள் செயினும் நட்டு போல்ட்டுமாய்க் குமிந்து கிடந்த பெட்டிக்குள் கை விட்டபோது கனமாக ஒன்று தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் மடக்குக்கத்தி. துருவில் மூடிக்கொண்டு ஒரே கட்டியாய் இருந்தது. கட்டம் கட்டமாய் வெட்டின கறுப்புப் பிடி, ஒரு முனையில் கயிறு கோக்கிற வளையம், முதுகுப் பக்கம் விரல் நீளத்துக்குத் தடித்த இரும்பு முள். கடைக்காரர் எடை போட்டு அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இதற்கு முன்னால் ஒரு கத்தியை நானே கெடுத்திருக்கிறேன். துருவை எடுக்கிற அவசரத்தில் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டியதில் அலகின் அடியில் இருந்த எழுத்தெல்லாம் மழுங்கிவிட்டது. அது எந்த ஊர்க் கத்தி என்று இனி எவராலும் சொல்ல முடியாது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால் இந்தத் தடவை டீசலில் இரண்டு நாள் ஊறப்போட்டேன். மூன்றாம் நாள் அலகு லேசாக அசைந்தது. மேலும் ஒரு நாள் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் மட்டும் தேய்த்தேன். எலுமிச்சைச் சாற்றில் போடலாம் என்றார்கள். அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் துருவோடு இரும்பும் கரையும், முத்திரையும் போய்விடும் என்பதால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அலகு பிடிக்குள் நுழைகிற இடம்தான் கத்தியின் ஜாதகம். அந்த இடத்தில் துளி எண்ணெய் தடவித் துடைத்தேன். சாக்பீஸ் பொடியை விரலால் அழுத்தித் தேய்த்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தேன். பள்ளத்தில் தங்கின வெள்ளைப் பொடியில் முதலில் ஒரு அம்பு தெரிந்தது. மூன்று கோடு ஒரு புள்ளியில் சேர்கிற, காக்காக்கால் மாதிரியான அம்பு. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கு இடுகிற முத்திரை அது. பக்கத்தில் 194 என்று மூன்று எண். நாலாவது எண்ணைத் துரு தின்றிருந்தது. மறுபக்கம் 6353/1905.

இந்த 1905ஐப் பார்த்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது செய்த வருடம் இல்லை. ராணுவத்துக்கு இந்த வடிவத்தில்தான் கத்தி வேண்டும் என்று ஒப்புதல் கொடுத்த மாதிரியின் எண். இரண்டாம் உலகப் போர் வரைக்கும் அதே எண்ணோடு கத்திகள் வந்துகொண்டே இருந்தன. என் கையில் இருப்பது 1940களின் கத்தி, பெரும்பாலும் அந்தப் போர்க்காலத்ததாக இருக்கும்.

முத்திரை படிக்கிற ருசி பிடித்த பிறகு, கீழக்கரை நண்பர் ஒருவர் அவர் வீட்டுப் பெட்டியில் இருந்த பேனாக்கத்தியைக் கொண்டுவந்து காட்டினார். கொள்ளுப் பாட்டனார் 1890 வாக்கில் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது என்பது வீட்டில் சொல்லிவந்த கதை. அலகில் ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருந்தன. ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி அடையாளம். ஆனால் கீழே ‘ஸ்டெயின்லெஸ்’ என்றும் வெட்டியிருந்தது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகைக் கண்டுபிடித்ததே 1913இல்தான். கத்தியின் காலத்தைக் கணிக்கப் பொதுவாக இன்னொரு அடையாளமும் உண்டு. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் போட்ட மெக்கின்லி வரிச் சட்டத்துக்குப் பிறகுதான் இங்கிலாந்து, ஜெர்மனி என்ற பெயர்களைக் கத்திகளில் பரவலாகப் பார்க்க முடிகிறது. நண்பருக்கு முதலில் முகம் வாடியது. பாட்டனாரின் மகன் வாங்கியதாக இருக்கும் என்று பேசி முடித்துக்கொண்டோம். நல்ல கத்தி, இன்றும் கிண்ணென்று மூடுகிறது.

சரி, என் கத்திக்கு வருகிறேன். இதன் அலகுக்கு நுனி கிடையாது. வாய்ப்பக்கம், அதாவது அறுக்கிற பக்கம், நேர்கோடு, முதுகு முன்னால் வளைந்து இறங்கி ஆட்டுக்குளம்பு மாதிரி மொட்டையாய் முடிகிறது. முதலில் இது எனக்குப் பிடிக்கவே இல்லை. மண்டபத்து மச்சானோடு நாட்டுப்படகில் நண்டு வலை எடுக்கப் போன அன்றைக்குத்தான் புரிந்தது. என்னிடம் இருந்த வேட்டைக்கத்தி ஒன்று, மரப்பிடி போட்ட மடக்குக்கத்தி ஒன்று, இந்த ராணுவக்கத்தி, மூன்றையும் கொண்டுபோனேன்.

வேட்டைக்கத்தி நாலு மில்லிமீட்டர் தடிப்பு. தோலுரிக்கத் தோதாக வயிறு வளைந்து, நுனி கூராக இருக்கும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் அதற்கு வேட்டை வேலை இல்லை. மீனுக்கு ஆகுமா என்று பார்த்தால், அந்தத் தடிப்புக்கு விளமீன் சதை கிழிகிறதே ஒழிய அறுபடவில்லை. அலை தூக்கிப் போட்டபோது நுனி மச்சானின் தொடைக்கு ஒரு சாண் தள்ளிப் பலகையில் குத்தி நின்றது. “மாப்ள, அதை முதல்ல உள்ள வைங்க” என்றார். அன்றோடு அது கரையிலேயே தங்கிவிட்டது.

மரப்பிடிக் கத்தி மீனுக்கு அருமை. மெல்லிசான அலகு செவுளுக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் இரண்டு மணி நேரம் நனைந்ததும் மரம் ஊதி அலகை இறுக்கிக்கொண்டது, நகத்தை வைத்துத் திறக்க முடியவில்லை. மரப்பிடிக்குள் அலகு மடங்குகிற கத்திகளில் இது நடக்கிறதுதான். பிறகு பிடியைக் காயவைத்து ஆளிவிதை எண்ணெய் மூன்று தடவை பூசினேன், இப்போது பரவாயில்லை.

மொட்டை அலகுதான் படகுக்கு. சிக்கின வலைக்கு அடியில் விட்டு இழுத்தாலும் யாரையும் எதையும் குத்தாது. கயிற்றை மரத்தில் வைத்து அழுத்தினால் வாய் முழுநீளமும் ஒரே நேரத்தில் பதிகிறது. அந்த இரும்பு முள் இன்னும் விசேஷம். நனைந்து கல்லாக இறுகிய முடிச்சுக்குள் அதைச் செருகி ஒரு திருகு திருகினால் போதும், அறுக்காமலே அவிழ்ந்துவிடும். மச்சானுக்குக் கத்தியை விட முள் மேல்தான் கண்.

கூர் ஏற்றுவதில்தான் ரொம்ப நாள் தடுமாறினேன். இரண்டு சென்டிமீட்டர் அகல அலகுக்கு முதுகைக் கல்லிலிருந்து ஏழு மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 20 பாகை கிடைக்கும். ஒரு ரூபாய் நாணயம் ஐந்தை அடுக்கி அந்த உயரத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டேன். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மயிரிழை போலப் பிசிறு திரளும். அது வாய் முழுக்கத் திரண்ட பிறகுதான் திருப்பிப் போட வேண்டும். இதையெல்லாம் சரியாகவே செய்து, நைஸ் கல்லில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன். காகிதம் சத்தமில்லாமல் பிளந்தது. ஆனால் பத்து மில்லிமீட்டர் நைலான் கயிற்றில் வைத்தால் வழுக்குகிறது. அறுத்து முடிக்க ஆறேழு இழுப்பு.

உச்சிப்புளியில் பனையேறுகிற மாமா ஒருவரிடம் போய்க் காட்டினேன். பாளை அருவாளைப் பலகையில் வெங்கச்சாங்கல் பொடி தூவித் தீட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் என் கத்தியைத் தடவிப் பார்த்தவர், “அப்பு, கயிறு அறுக்கிறதுக்கு எதுக்கு இம்புட்டு மழமழப்பு? கயித்துக்குப் பல்லு வேணும். பாளைக்குத்தான் இப்படி இருக்கணும்” என்றார். அவர் பாளை சீவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி ஒரு சீவல் விழுந்தது. கொஞ்சம் தடித்தாலும் பாளை வீணாகச் சீக்கிரம் தேய்ந்துபோகும், நசுங்கினால் பதனீர் நின்றுவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து அதே வாயை, நைஸ் கல்லை விடச் சொரசொரப்பான 400 எண் கல்லில் ஐந்தாறு இழுப்பு மட்டும் இழுத்தேன். கண்ணுக்குத் தெரியாத ரம்பப் பல் விழுந்தது. அதே கயிறு இரண்டு இழுப்பில் இரண்டாகப் போனது. இப்போது ராணுவக்கத்திக்கு 400இலேயே நிறுத்திவிடுகிறேன். மரப்பிடிக் கத்திக்கு மட்டும் மாமா கொடுத்த பொடியைப் பழைய பலகையில் தூவி மழமழப்பாக்குகிறேன்.

இந்தக் கரையில் கத்தி வாங்க நினைக்கிறவர்கள் ஸ்டெயின்லெஸ்தானே, துருப்பிடிக்காது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். குரோமியம் கட்டுகிற மெல்லிய படலத்தை உப்பு துளைத்துவிடும். அலகு பளிச்சென்று இருக்கும், மூட்டுக்குள் ஊசிக்குத்து மாதிரி அரித்திருக்கும். எந்த எஃகானாலும் கரையேறியதும் நல்ல தண்ணியில் கழுவி, திறந்தபடியே காயவைக்க வேண்டும். மூட்டுக்கு நான் முதலில் நல்லெண்ணெய் விட்டேன். ஒரு மாசத்தில் பிசினாகி இறுகிவிட்டது. இப்போது மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மீன் படுகிற அலகுக்குத் தேங்காய் எண்ணெய். கார்பன் எஃகில் தானாகப் படர்கிற சாம்பல் கறுப்பைத் தேய்த்து எடுக்காதீர்கள். செந்துருவைத்தான் எடுக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆயுத விதிகள் 2016 ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு, விவசாய, தொழில் வேலைக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அதற்காகக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏற வேண்டாம். என்னுடையது வலைக்கூடையிலேயே இருக்கும்.

ஆவணி பிறந்துவிட்டது. கச்சான் காற்று கொஞ்சம் தணிந்திருக்கிறது. கத்தியின் வளையத்தில் ஒரு முழக் கயிறு கட்டி, மறுமுனையை மச்சான் படகின் குறுக்குச் சட்டத்தில் முடிந்திருக்கிறோம். அலகு மூடும்போது ஸ்பிரிங் இன்னும் சோர்வாகத்தான் இருக்கிறது. ரிவிட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் இரும்புக் கடையில் கிடக்கிற வேறொரு உடைந்த கத்தியில் கழற்றிப் பழகப்போகிறேன்.