போர்டு தேர்வு: முதல் வரியில் மொழியை எழுதுங்கள்

சென்ற வாரம் முடிவு வந்தது. தென்னாப்பிரிக்காவில் மருத்துவ உளவியலாளருக்கான போர்டு தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முறை தவறியதற்குப் படிப்புக் குறைவு காரணமன்று. சட்டங்களும் நெறிமுறை விதிகளும் எனக்கு அப்போதே மனப்பாடம். நோயாளரின் விவரம் தந்து கேட்கும் வினாக்களில் நோயின் பெயரை முதல் வரியிலேயே எழுதினேன். அவர் எந்த மொழியில் பேசினார், அதை நமக்கு யார் சொன்னார் என்பதையோ கடைசிப் பத்தியில் ஒப்புக்கு ஒரு வாக்கியமாக வைத்தேன். இன்டர்ன்ஷிப்பில் என்னை மேற்பார்வையிட்டவர் கற்றுத்தந்த முறை அது. "பண்பாடெல்லாம் கடைசியில் இரண்டு வரி போதும்" என்பார். அந்த முறையை யாரிடம் கற்றிருந்தாலும் இன்றே விட்டுவிடுங்கள்.

எனக்கு அது உறைத்தது தேர்வுக்கூடத்தில் அல்ல, மருத்துவமனையில். இன்டர்ன்ஷிப்பை அடுத்து வரும் கட்டாயச் சமூகசேவை ஆண்டில் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் வடபகுதியில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இருந்தேன். சூலு மட்டுமே பேசும் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் என் எதிரில் அமர்ந்து, மூன்று நான்கு நிமிடங்கள் தாழ்ந்த குரலில் பேசினார். மொழிபெயர்க்க அழைக்கப்பட்டவர் வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர். துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்து, ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு வந்து நின்றவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தூக்கம் வரவில்லையாம்" என்றார். நானும் தூக்கமின்மை என்று எழுதிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, சூலு பேசும் செவிலியர் உடனிருந்தபோதுதான், அந்தத் தாய் தன் மகனைப் பறிகொடுத்திருந்ததும், முறைப்படிச் சடங்கு செய்ய முடியாமற்போனதும், இரவில் வாசலில் அவன் இருமுவது தனக்குக் கேட்பதும் தெரியவந்தன. துப்புரவுப் பணியாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலைக்கு அவருக்குப் பயிற்சியும் இல்லை, கூலியும் இல்லை; மேலும் அவர் அதே ஊர்க்காரர், அவர் முன்னால் அந்தப் பெண்ணும் எவ்வளவைத்தான் சொல்லியிருப்பார்?

நம் வீட்டிலும் இதே கதைதான். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருந்த என் ஆயா, தாத்தா போன பிறகு "நெஞ்சு அடைக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று முறை இ.சி.ஜி. எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். டாக்டருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவர் என் அம்மா. "ராத்திரியிலே தாத்தா வந்து கூப்பிடுறாரு" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் அம்மா மூன்று முறையும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது என்று பின்னாளில் என்னிடம் அழுதார். நம் அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லி மதிக்கச் சொல்கிறது. ஆயாவின் தமிழைக் கேட்டு எழுதிக்கொள்ள அந்த அறையில் ஆள் இல்லை.

வரலாற்றுப் பகுதியைத் தள்ளிவிடாதீர்கள். 1962இல் நம் உளவியல் சங்கம் பிளந்தது, ஓர் இந்தியப் பெண்ணை உறுப்பினராக்கியதைப் பொறுக்க முடியாமல் ஒரு பகுதியினர் வெள்ளையருக்கு மட்டுமான தனிச்சங்கம் அமைத்ததனால்தான். எல்லா இனத்தவருக்கும் பொதுவான இன்றைய சங்கம் 1994இல்தான் வந்தது. டர்பனில் பிறந்து, அரசியல் கைதிகளை அடைத்த ராபன் தீவில் சிறையிருந்த சதாசிவன் கூப்பர் பின்னர் உலக உளவியல் ஒன்றியத்தின் தலைவரானார் என்பதை நான் படிப்பு மேசைக்கு மேல் எழுதி ஒட்டியிருந்தேன். சோர்ந்த நாட்களில் அது என்னைத் தாங்கியது.

கட்டாயம் கையில் இருக்க வேண்டியவை:

- 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். தன் சம்மதமின்றிச் சேர்க்கப்பட்டவருக்கான 72 மணி நேர மதிப்பீட்டை எல்லோரும் எழுதுவார்கள். அந்த 72 மணி நேரமும் நோயாளரிடம் அவர் மொழியில் பேசுபவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.
- 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், பிரிவு 8. ஒரு குழுவினருக்குப் பாதகமாகச் சாயும் உளவியல் சோதனைக்கு இடமில்லை.
- மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5இன் பண்பாட்டு நேர்காணல், 16 கேள்விகள். பதினாறையும் உங்கள் தாய்மொழியில் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். எங்கே நாக்குத் தடுக்குகிறதோ அங்கேதான் நோயாளரும் தடுமாறுவார்.
- லைஃப் எசிடிமேனி என்ற காப்பகத்திலிருந்து மனநோயாளர்களை வேறிடங்களுக்கு மாற்றியதில் நேர்ந்த துயரம். 144 பேர் இறந்தார்கள் என்ற எண்ணோடு நிறுத்தாதீர்கள். செல்லத்தக்க உரிமம் இல்லாத இடங்களுக்கு அவர்களை மாற்றியது எப்படி நடந்தது என்று விளக்குங்கள்.
- ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய நட்பு இருக்கைத் திட்டம். பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவமனை முற்றத்து மரப்பெஞ்சில் அமர்ந்து, "அதிகமாக யோசிக்கிறேன்" என்று ஷோனா மொழியில் சொல்லப்படும் துயரத்துக்குச் செவிகொடுக்கிறார்கள். மனநலப் பணியாளர் பற்றாக்குறையைப் பற்றிய எந்த வினாவுக்கும் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தனியே, கையால் எழுதிப் படித்தேன். பழைய மாதிரி வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் முதல் ஐந்து வரியை மட்டும் எழுதிப் பழகினேன், மீதியைத் தொடவே இல்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

இரண்டாம் முறை வந்த வினாவில் முதியவர் ஒருவர், அவருடன் வந்த பேத்தி. என் விடையின் முதல் வரி: "மதிப்பீட்டைத் தொடங்குமுன், பேத்தியை மொழிபெயர்ப்பாளராக வைக்காமல், நோயாளரின் மொழி அறிந்த பயிற்சி பெற்ற ஒருவரை ஏற்பாடு செய்து, அந்தரங்கம் காப்பது பற்றி இருவரிடமும் பேசுவேன்."