வியாழக்கிழமை 12 மணி, தண்ணீர் வழக்கு

ஸ்பெயினின் வாலென்சியா நகரத்துக்குப் போவதென்றால் வியாழக்கிழமை அங்கே இருக்கும்படி போங்கள். நான் அப்படித்தான் போனேன். பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் நண்பகல் 12 மணிக்குக் கறுப்பு மேலங்கி போட்ட விவசாயிகள் வட்டமாக உட்காருகிறார்கள். தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் பாசனக்காரர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். பல நூற்றாண்டுகளாகத் தண்ணீர்ச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வது இந்த அவைதான்.

முறை வருவதற்கு முன்பே மடையைத் திறந்துவிட்டான், மிச்சத் தண்ணீரைப் பக்கத்து வயலில் விட்டு மூழ்கடித்தான், வாய்க்காலைத் தூர்வாரவில்லை. வழக்குகள் இவ்வளவுதான். ஆனால் கிராமத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு இரண்டு தலைமுறை பேசாமல் இருப்பார்கள்.

இங்கே வக்கீல் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு, அதுவும் வாலென்சிய மொழியில். எந்த வாய்க்காலில் தகராறோ, அதன் பிரதிநிதி தீர்ப்பில் சேரமாட்டார். வலது கரைக்காரர் மீது புகார் என்றால் தண்டனையை முன்மொழிவது இடது கரைக்காரர்கள். மேல்முறையீடும் இல்லை. இதையெல்லாம் வேடிக்கைச் சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பெயினின் 1978 அரசியலமைப்பே, 125ஆம் பிரிவில், இப்படிப்பட்ட வழக்காற்று நீதிமன்றங்களை ஏற்கிறது.

நான் போன அன்று வழக்கே இல்லை. சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கச் சொல்லிக் கூப்பிட்டார், யாரும் வரவில்லை, அவை கலைந்தது. சுற்றுலா வந்தவர்களுக்கு ஏமாற்றம். எனக்கு அதில்தான் மனம் நிறைந்தது. அடுத்த வியாழனே ஊரறிய நிற்க வேண்டும், கேட்பவர்களும் மண்வெட்டி பிடித்தவர்கள், பொய் எடுபடாது. அதனால் பாதிச் சண்டை வரப்பிலேயே முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, பங்கீடு. ஒருவருக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கே கிடையாது. ஆற்றில் வருவதில் இன்ன பங்கு என்பதுதான். வறட்சி வந்தால் எல்லோருக்கும் சேர்ந்தே குறையும். பகை முற்றாமல் இருக்க, தீர்ப்பைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஸ்பெயினின் இன்னொரு நகரமான முர்சியாவிலும் செகூரா ஆற்றுப் பாசனத்துக்கு இப்படி ஒரு 'நல்ல மனிதர்கள்' அவை உண்டு. 2009இல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்தே மரபுப் பட்டியலில் ஏற்றியது.

என் கவலை வாலென்சியாவைச் சுற்றியுள்ள வயலைப் பற்றித்தான். நகரம் அதைத் தின்றுகொண்டே வருகிறது. 2018இல் அந்த வயல்வெளியைக் காக்க வாலென்சியப் பிராந்தியம் தனிச் சட்டமே போட்டது. அதைத் தளர்த்தாமல் வைத்திருக்க வேண்டும்.