சர்க்கரை நோயும் விழித்திரையும்: நாட்குறிப்பு

8 ஜனவரி 2025

எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது உறுதியாகிவிட்டது. மருத்துவர் எழுதித் தந்த சீட்டில் மாத்திரைகளுக்கு அடுத்த வரியிலேயே கண் பரிசோதனை இடம்பெற்றிருக்கிறது. இந்த வகை நீரிழிவு, கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடலில் தொடங்கியிருக்கக்கூடும் என்பதால், விழித்திரையைத் தாமதமின்றிப் பார்த்துவிட வேண்டுமாம்.

21 ஜனவரி 2025

கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து சுரீரென்று எரிந்தது. சிறிது நேரத்தில் கையிலிருந்த சீட்டின் எழுத்துகள் கலைந்துபோயின. எதிர்ச்சுவர் மட்டும் ஓரளவு தெளிவாக இருந்தது. தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்தபடி, மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி, மருத்துவர் விழித்திரையின் ஓரம்வரை ஆராய்ந்தார். பிறகு எடுத்த படத்தைத் திரையில் காட்டினார்: செம்மஞ்சள் பரப்பில் கிளைவிட்டு ஓடும் இரத்த நாளங்கள், அவற்றினருகே ஊசிமுனை அளவில் சில சிவப்புப் புள்ளிகள். சர்க்கரை மிகுதியால் சுவர் வலுவிழந்த நுண்ணிய நாளங்கள் புடைத்து உண்டானவை அவை. மருந்து விடுவதற்கு முன் இதே கண்ணால்தான் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்திருந்தேன். இந்த நாளங்களிலிருந்து வரும் கசிவு விழித்திரையின் நடுப்பகுதியை எட்டாதவரை பார்வையில் பெரும்பாலும் எந்தக் குறையும் தோன்றாது. ஆகவே 'நன்றாகத்தான் தெரிகிறது' என்பதை இந்த நோயில் சான்றாகவே கொள்ள முடியாது. இப்போதைக்குச் சிகிச்சை தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வர வேண்டும். கண் கூச்சம் அடங்கச் சில மணி நேரம் ஆனது. வண்டி ஓட்டிக்கொண்டு போகாதது நல்லதாயிற்று.

18 பிப்ரவரி 2025

சர்க்கரை இறங்க இறங்கப் பார்வை சற்று மங்குகிறது. இரத்தச் சர்க்கரை மாறும்போது கண்ணின் வில்லையிலுள்ள நீரளவும் மாறுவதே காரணமாம். அளவு நிலைப்படும்வரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம் என்றார்கள்.

25 மார்ச் 2025

முதல் வகை நீரிழிவு உள்ளவர்களைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். தொடக்கத்தில் விழித்திரை பாதிக்கப்படாதிருந்தவர்களுக்கு, சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியதால் பாதிப்பு உண்டாகும் அபாயம் 76 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஆயினும், ஏற்கெனவே பாதிப்பு உள்ளவர்களுக்குச் சர்க்கரை வெகுவேகமாக இறங்கினால் விழித்திரை தற்காலிகமாக மோசமடைவதுண்டு என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. அவசரம் காட்டாத என் மருத்துவர்மீது மதிப்பு கூடியது. இரத்த அழுத்தத்தையும் அவர் ஒவ்வொரு முறையும் விடாமல் பார்ப்பது இதே நாளங்களுக்காகத்தான்.

22 ஜூலை 2025

புள்ளிகள் பெருகவில்லை, விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் நடுப்பகுதி வீக்கமும் இல்லை. அருகில் அமர்ந்திருந்த பெரியவர் கசிவை நிறுத்தக் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்தார். மரத்துப்போகச் செய்துவிடுவதால் வலி அதிகமில்லை, திரும்பத் திரும்ப வருவதுதான் அலுப்பு என்றார். அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டேன். அதற்கிடையில் திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் பார்வையின் ஒரு பகுதி மறைந்தாலோ, நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ தேதிக்காகக் காத்திராமல் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.