டபுள் ஹேமக் வாங்கப் போறீங்களா, கொஞ்சம் நில்லுங்க

கேம்பிங் போற நம்ம கூட்டத்துல யாராச்சும் ஹேமக், அதான் ரெண்டு மரத்துக்கு நடுவுல தொங்கவிட்டுப் படுக்கற தூளி, வாங்கப் போறேன்னு வாயத் தொறந்தா போதும், சிங்கிளா டபுளான்னு ஒருத்தன் கேப்பான், உடனே நாலு பேரு "டபுளே வாங்கிடு மச்சான், தாராளமா படுக்கலாம்"னு ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கு இந்த அட்வைஸ் சுத்தமா பிடிக்காது. கட்டில்னா அகலம் கூடக் கூட சௌகரியம் கூடும், சரிதான். ஹேமக்ல அந்தக் கணக்கு ஓடாது. முதல்ல நீளம் பாக்கணும், அப்புறம்தான் அகலம், அதுவும் ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா இம்சைதான்.

ரெண்டு முனையும் சுருக்கிக் கட்டுற சாதா ஹேமக்கத்தான் சொல்றேன். ரிசார்ட்ல ரெண்டு பக்கமும் கட்டை வச்சு விரிச்சு மாட்டிருப்பாங்களே, அது போட்டோவுக்கு நல்லாருக்கும், தூக்கத்துல ஒரு புரளு புரண்டா ஆளக் கவுத்துடும், அதப் பத்தி இங்க பேசல.

சுருக்கிக் கட்டினதுல நேரா, நடுக்கோட்டுல படுத்தீங்கன்னா முதுகு வளையும், முட்டி எதிர்ப்பக்கமா அழுந்தும், ரெண்டு தோளும் உள்ள நெருக்கும். மத்தியானம் சாப்ட்டு அரை மணி நேரம் கண்ணசர அது போதும். ராத்திரி முழுக்க அப்டியே கெடந்தா காலைல இடுப்பப் பிடிச்சுட்டுத்தான் எந்திரிப்பீங்க. அதனால கோணலா படுக்கணும், தலை ஒரு ஓரத்துப் பக்கம், கால் எதிர் ஓரத்துப் பக்கம். அப்டி குறுக்க படுத்ததும் துணி அடியில விரிஞ்சு கொடுக்கும், முதுகு கிட்டத்தட்ட தட்டையா வந்துரும். அகலம் எதுக்குன்னா இந்தக் கோணலுக்குத்தான். ரெண்டு பேரு படுக்கறதுக்கு இல்ல. ரெண்டு பேரு ஏறினா ரெண்டு பேரும் உருண்டு நடுவுல வந்து ஒருத்தர் மேல ஒருத்தர் அழுத்திட்டுதான் கெடப்பாங்க, புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குக் கூட ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காது.

இப்ப அளவுக்கு வருவோம். ஆன்லைன்ல சிங்கிள்னு விக்கறது நிறைய 270க்கு 140 செ.மீ., அதாவது நீளம் 9 அடி கூட இல்ல, அகலம் நாலரை அடி சொச்சம். டபுள்னா 300க்கு 200, பத்தடிக்கு ரெண்டு இன்ச் கம்மி, அகலம் ஆறரை அடி. ஆனா ஹேமக்லயே தூங்கறத பழக்கமா வச்சிருக்கறவங்க கைல என்ன இருக்குன்னு பாருங்க, 11 அடி நீளம், 58லேர்ந்து 60 இன்ச் அகலம், பெரும்பாலும் இதான். 60 இன்ச்னா 5 அடி. டபுள விட ஒன்றரை அடி ஒடுக்கம், ஆனா தூக்கம் அதுலதான் நல்லா வரும்!

காரணம் நீளம்தான். நீளம் கூடும்போது வளைவு மெதுவா வரும், குறுக்க படுக்க இடம் தானா கிடைக்கும். நீளம் கம்மியா அகலம் மட்டும் கூடுன ஹேமக்ல என்ன ஆகும்னா, ஈசிஆர்ல ஒரு சவுக்குத் தோப்புல என் ஃப்ரெண்டோட டபுள்ல ஒரு ராத்திரி படுத்தேன், நடுத்துணி நல்லா கீழ எறங்கிருச்சு, ஆடுசதைக்குக் கீழ மட்டும் கயிறு கட்டின மாதிரி ஒரு வரம்பு விறைப்பா நிக்குது, காலை எங்க நகத்தினாலும் அது விடல, குதிகாலையும் முட்டியையும் ஒரே சமயத்துல தட்டையா வைக்க முடியல. அந்தப் பக்கம் உபயோகமில்லாம மிஞ்சுன துணி மூஞ்சிக்கு நேரா எழும்பி நின்னு கடக்காத்துல படபடன்னு அடிச்சுட்டே இருக்கு. ஒரு கையால துணிய அமுக்கிட்டு தூங்கற கூத்தெல்லாம் எதுக்கு. அதுவும் நம்மூர் மே மாசத்துல அந்தத் துணி ரெண்டு பக்கமும் சுவரா நின்னு காத்தையும் மறைச்சுடும், உள்ள வேர்த்து ஊத்தும். ஏலகிரில டிசம்பர்ல போத்திக்க ஆகும்னு வேணா ஒத்துக்கறேன்.

அதுக்காக ஒடுக்கமா வாங்குங்கன்னும் சொல்லல. நாலரை அடிக்குக் கீழ போனா கோணலே கிடைக்காது, கொஞ்சம் நகந்தாலும் ஓரம் தொடைல வெட்டும், விழுந்துருவோமோன்னு உடம்பு தன்னால விறைச்சுக்கும். பழைய புடவைய ரெண்டு மரத்துல கட்டி பெரியவங்க படுத்துப் பாத்தாலே இது தெரியும். புடவைக்கு நீளம் அஞ்சரை மீட்டர், கவலையே இல்ல, ஆனா அகலம் 45, 47 இன்ச்தான், குழந்தைக்கு அது சொர்க்கம், நமக்கு தோள்பட்டை நெருக்கும். கிழிஞ்சாலும் கிழியும்.

அஞ்சரை அடி உயரம், சாதா உடம்புன்னா 10 அடிக்கு 5 அடி தாராளம். ஆறடிக்குப் பக்கமா இருக்கீங்க, தோள் அகலம்னா நீளம் 11 அடிக்குக் கீழ எறங்காதீங்க, அகலம் 65, 70 இன்ச் வரைக்கும் போலாம். ஒருக்களிச்சுப் படுக்கறவங்க, குறுக்க உக்காந்து சேர் கணக்கா சாஞ்சு புக் படிக்கறவங்க, இவங்களுக்கும் அகலம் கொஞ்சம் கூட இருந்தா நல்லது, தலை வரைக்கும் துணி வரும். ஏற்கனவே டபுள் வாங்கிட்டீங்கன்னா தூக்கிப் போட வேணாம், ரெண்டு ஓரத்தையும் ஒரு சாண் உள்ள சுருட்டி, துணி காயப்போடுற கிளிப்ப நாலஞ்சு மாட்டிட்டு ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்க. வித்தியாசமே தெரியலன்னா அந்த அகலம் உங்களுக்குத் தேவையில்லாத அகலம்னு அர்த்தம்.

அந்த 58-60 இன்ச் ஒண்ணும் யாரோ ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச ரகசியம் இல்ல, நைலான் துணி பெரும்பாலும் அந்த அகலத்துலதான் ரோல்ல வருது, வெட்டி ஒட்டாம அப்டியே தைக்கலாம். நான் சென்னை பாரிஸ் கார்னர் போய் கோடவுன் தெருவுல தேடித்தான் ரிப்ஸ்டாப் நைலான், அதாவது கிழிசல் பரவாம இருக்க கட்டம் கட்டமா நெஞ்ச துணி, வாங்கினேன், 11 அடிக்கு 3.6 மீட்டர் எடுத்தா மடிப்புக்கும் சேத்து வந்துரும். நீள ஓரம் ரெண்டையும் மடிச்சுத் தச்சு, முனை ரெண்டுலயும் பாவாடைக்கு நாடா கோக்க விடுற மாதிரி கொஞ்சம் பெருசா விடணும், அதுல கயிறக் கோத்து சுருக்கணும், அவ்ளோதான் மேட்டர். எங்க தெரு டெய்லர் துணிய விரிச்சுப் பாத்துட்டு "தம்பி, இது எந்த யானைக்குப் பாவாடை?"ன்னாரு. "எனக்குத்தான் அண்ணே, தூளி"ன்னேன். கண்ணாடிய எறக்கி என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, முனைல மூணு வரிசை தையல் போட்டாரு, நான் ரெண்டுதான் கேட்டிருந்தேன். தச்சு வாங்கினா முதல்ல முட்டி உயரத்துக்கு மேல கட்டாம உக்காந்து பாருங்க, அடியில கல்லு இருக்கக் கூடாது.

இன்னொண்ணு, அகலம் பத்தலன்னு புலம்பறவங்கள்ல பாதிப் பேருக்குப் பிரச்சினை ஹேமக்ல இல்ல, கட்டுறதுலதான். தொங்கக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் விறைப்பா இழுத்துக் கட்டிடுவாங்க, ஓரம் ரெண்டும் டைட்டாகி உள்ள ஆள நெருக்கும், அஞ்சடித் துணி மூணடி மாதிரி தெரியும். மரத்துல சுத்தி ஹேமக்க மாட்டுற பட்டை, அதான் ஸ்ட்ராப், தரைக்குச் சமமா இருக்கக் கூடாது, சுமாரா 30 டிகிரி சாய்வா எறங்கணும். முனைக்கு முனை நேர்த்தூரம் ஹேமக் நீளத்துல 83 சதவீதம் வர்ற மாதிரி வைக்கறது வழக்கம், 11 அடின்னா 9 அடி ஒண்ணரை இன்ச் கிட்ட, ரெண்டு முனைக்கும் நடுவுல மேல ஒரு மெல்லிசான கயிற அந்த நீளத்துக்குக் கட்டி நிரந்தரமா விட்டுட்டா ஒவ்வொரு தடவையும் ஒரே தொங்கல் வரும். ஸ்ட்ராப்பு மேல விழற பாரமும் இந்தச் சாய்வப் பொறுத்ததுதான். 30 டிகிரில 75 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு ஸ்ட்ராப்புலயும் 75 கிலோ இழுப்பு, அதையே விறைப்பாக்கி 10 டிகிரிக்குக் கொண்டு போனா 215 கிலோ கிட்ட போயிடும். சவுக்கு மரம் ஒல்லியா இருந்தா இதுக்கே வளைஞ்சு கொடுக்கும். நல்ல மாமரம், புளியமரமா பாருங்க, தென்னையில காய் இருக்கான்னு அண்ணாந்து பாக்காம கீழ கட்டவே கட்டாதீங்க.

கொசு அடியிலேர்ந்து மெல்லிசு நைலானத் தாண்டியும் கடிக்கும், மேல வலை போட்டுட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. முழு ஹேமக்கையும் சுத்தி வர்ற வலைன்னா நல்லது, அங்கயும் டபுளோட அகலத்துக்கு ஏத்த வலை தேடணும், அது வெயிட்டு வேற.

வலை பின்னுன பருத்திக் கயிறு ஹேமக் வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க, அதுல போட்டிருக்கற அகலம் நல்லா இழுத்து விரிச்சு அளந்ததா இருக்கும், தொங்கவிட்டா அந்த அகலம் இருக்காது. எந்த வகையா இருந்தாலும் லிஸ்டிங்ல நீளம்னு போட்டிருக்கறது துணி மட்டுமா, ரெண்டு பக்கக் கயிறையும் சேத்தான்னு காசு கட்டறதுக்கு முன்னாடி கேட்டுருங்க, பதில் சொல்லலன்னா வேற ஆள் கிட்ட போயிடுங்க.