ஊதா மூடிக் குழாயும் என் ப்ளேட்லெட்டும்

குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் எல்லாருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனைதான். ரிப்போர்ட்டில் ப்ளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணு, 42,000 என்று வந்தது. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. "காய்ச்சல் இருந்ததா, டெங்குவா?" என்று சர்ஜன் துருவித் துருவிக் கேட்டார். தும்மல்கூட இல்லை. ஆபரேஷன் தள்ளிப்போனது.

அன்று சாயங்காலமே வீட்டில் பப்பாளி இலை அரைபட்டது. வேப்பங்கொழுந்தே தேவலாம் என்கிற கசப்பு. ஐந்து நாள் கழித்து 61,000. "பாத்தீகளா மாப்ளே!" என்று மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் 29,000. சாற்றை நிறுத்துவார்கள் என்று பார்த்தேன், அரை டம்ளர் கூட்டினார்கள்.

தோலுக்கடியில் ரத்தம் கசிகிறதா என்று ராத்திரி டார்ச் அடித்துக் காலில் சிவப்புப் புள்ளி தேடுவது என் வேலையாயிற்று. ஒன்றும் இல்லை. ஷேவிங்கில் பட்ட கீறல்கூட எப்போதும்போல் சட்டென்று நின்றது.

திருநெல்வேலியில் ரத்தநோய் மருத்துவர் அம்மா ரிப்போர்ட்டைத் தொடாமல் வாய்க்குள் பார்த்தார், மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று வயிற்றை அமுக்கினார். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்க நேரமானதா என்று கேட்டார். "29,000 இருந்தும் ரத்தம் கசியாதவங்க உண்டு. மஜ்ஜையில உற்பத்தி குறையலாம், உடம்பே அதை அழிக்கலாம், மண்ணீரல் பிடிச்சு வெச்சுக்கலாம். அதுக்கெல்லாம் முன்னால ஒண்ணு பாத்துருவோம்."

வழக்கமான ஊதா மூடிக் குழாயில் ஒன்று, இளநீல மூடிக் குழாயில் ஒன்று என்று ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடிச் சில்லில் ஒரு துளியைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். ஊதாக் குழாய் ரத்தத்தில் தட்டணுக்கள் திராட்சைக் கொத்துபோல ஒட்டிக் கிடந்தன.

ரத்தம் உறையாதிருக்க ஊதாக் குழாயில் இ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு அப்போது தட்டணுவின் மேற்பரப்பு சற்று மாறி, ரத்தத்தில் உள்ள ஓர் எதிர்ப்பொருள் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. எந்திரம் அளவைப் பார்த்து எண்ணுவது. கொத்தைத் தட்டணுக் கணக்கில் சேர்க்காது. உடம்புக்குள் இதெல்லாம் நடப்பதே இல்லை, குழாய்க்குள் மட்டும்தான். நேரம் ஆக ஆக, குளிரக் குளிர ஒட்டல் கூடும். எங்கள் ஊரில் எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டியில் பைக்கேறி டவுனுக்குப் போகும். 61,000 வந்தது வண்டி சீக்கிரம் போன நாளாக இருக்கலாம். மாமியாரிடம் இதைச் சொல்லவில்லை.

இளநீலக் குழாயில் 1,98,000. அதில் உள்ள சிட்ரேட் திரவம் ரத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு நீர்த்துவிடுவதால் 1.1ஆல் பெருக்க வேண்டுமாம். ஆக, கிட்டத்தட்ட 2,18,000.

வீட்டுக்கு வந்து பழைய தாள்களைப் புரட்டினேன். இரண்டாவது ரிப்போர்ட்டின் அடியில், பொடி எழுத்தில், 'ப்ளேட்லெட் க்ளம்ப்ஸ்', அதாவது தட்டணுக் கொத்துகள், என்று ஏற்கெனவே போட்டிருந்தது. நானும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. எண் தடித்த எழுத்தில் இருந்தால் கண் அங்கேதானே போகும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ப்ளேட்லெட் பார்க்க நீலக் குழாயில் எடுங்கள், சிட்ரேட்டிலும் ஒட்டுகிறவர்கள் உண்டு, அப்படியானால் மைக்ராஸ்கோப்பில் பார்த்து மதிப்பிடச் சொல்லுங்கள் என்று அந்த அம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பர்ஸில் வைத்திருக்கிறேன். போன மாதம் சுகர் பார்க்கப் போன இடத்தில், ப்ளேட்லெட்டும் சேர்த்துப் பார்க்கட்டுமா என்று ஊதா மூடியைத் திறந்த பெண்ணிடம் அதை நீட்டினேன். படித்துவிட்டு, "நீலக் குழாய் ஸ்டாக் இல்லியே சார்" என்றாள்.