மதிப்பெண் பலகைக்காகத் திறந்து வைத்த கதவு

ஜூன் விடுமுறைக்கு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு வந்த அக்காள் மகன், பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டு, முதல் வேலையாக நெட்ஹேக் விளையாட்டை நிறுவினான். "மாமா, இயக்கும் அனுமதியைக் குறிக்கும் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் என்று இருக்கிறதே" என்று கோப்பின் அனுமதிகளைக் காட்டிக் கேட்டான்.

அந்த ஓர் எழுத்துதான் செட்ஜிஐடி. யார் இயக்கினாலும் நிரல், மதிப்பெண் கோப்பில் எழுதும் உரிமை கொண்ட 'கேம்ஸ்' குழுவின் அனுமதியோடு ஓடும். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்த காலத்தில், எல்லாருடைய மதிப்பெண்களும் ஒரே கோப்பில் சேரவும், அதை எவரும் கையால் திருத்தாமல் இருக்கவும் செய்த ஏற்பாடு அது.

ஏற்பாடு நல்லதுதான்; விளையாட்டு எழுதியவர்கள்தாம் பாதுகாப்பை நினைத்து எழுதவில்லை. பயனரின் கோப்புறை எங்கே என்று சொல்லும் ஹோம் மாறியைப் பயனர் தம் விருப்பப்படி மாற்றலாம்; அதன் நீளத்தை அளக்காமல் எக்ஸ்கலாகா என்ற விளையாட்டு அப்படியே நகலெடுத்தது 2003இல் தெரியவந்தது. ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதும் இதற்கு நினைவக வழிதல் என்று பெயர்; அதன் வழியே தாக்குபவர் தம் கட்டளையை ஓடவைக்கலாம். அதே ஆண்டு நெட்ஹேக்கின் '‑எஸ்' கட்டளைத் தேர்விலும் இதே நினைவக வழிதல். 2020இல் வந்த 3.6.5 பதிப்பில் அடைத்த ஓட்டைகளுள் ஒன்று '‑டபிள்யூ' தேர்வில் இருந்த அதே வகை வழிதல் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ரெட் ஹேட் லினக்ஸ் 2.1இல் வந்த அபியூஸ் என்ற விளையாட்டு இன்னும் மோசம்: ரூட் எனும் முழு நிர்வாகி அதிகாரத்தோடு ஓடிக்கொண்டே, முழுப் பாதையைச் சொல்லாமல் வேறொரு நிரலை அழைத்தது; அதே பெயரில் நம் நிரலை வைத்தால் கணினியே நம் கையில்.

"கேம்ஸ் குழுவைப் பிடித்து என்ன செய்வது, மதிப்பெண்ணைத் திருத்தலாம், அவ்வளவுதானே?" என்றான். அங்கேதான் விஷயம் இருக்கிறது. திருத்திய மதிப்பெண் கோப்பை அடுத்து விளையாடுபவரின் நிரல் நம்பிப் படிக்கும். படிக்கும் இடத்திலும் ஒரு வழிதல் இருந்தால், தாக்குபவரின் கட்டளை அந்த அடுத்தவரின் பெயரில் ஓடும். அவர் நிர்வாகியாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

ஒருவர் மட்டும் விளையாடும் கணினிக்கு இந்த அனுமதி எதற்கு? சும்மா நீக்கினால் அடுத்த மேம்படுத்தலில் எஸ் திரும்பி வந்துவிடும் என்பதால், அனுமதி மாற்றத்தை டெபியன் நினைவில் வைத்துக்கொள்ளச் செய்யும் டிபிகேஜி‑ஸ்டாட்ஓவர்ரைடு கட்டளை கொண்டு நீக்கினேன். மதிப்பெண் கோப்பில் எழுத அனுமதி இல்லாமல் நெட்ஹேக் தொடங்க மறுத்தது. மதிப்பெண் கோப்புறையையும் அதிலுள்ள கோப்புகளையும் அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். விளையாட்டின் மூன்றாம் தளத்தில் ஒரு குள்ளனிடம் அடிபட்டுச் செத்தான். மதிப்பெண் ஒழுங்காகப் பதிவானது.